விதைக்கு ஒதுக்கிய பிடி

கடற்கரை ஊரான சிலாவத்துறையில் உள்ளிப் பல்லை ஊன்றினால் தாள் பச்சையாக எழும்பும். அடியில் பூடு திரளாது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு வாய்த்த குளிர் இந்தக் கரைக்கு இல்லை. பரவாயில்லை, தாளை நறுக்கிச் சொதிக்குப் போடலாம். வீட்டுத் தோட்டத்தில் பூடு பிடுங்கும் ஆசையைத் தீர்த்துவைப்பது உள்ளியின் உறவுக்காரி, சின்ன வெங்காயம்.

நடுவதைவிட விதைக்குத் தெரிந்தெடுப்பதில்தான் கைப்பழக்கம் தெரியும். பிடுங்கிய வெங்காயத்தைத் தாளோடு பிடிபிடியாக முடிந்து குசினிக் கூரையின் கீழ் தூக்கிவிட வேண்டும். காற்றுப் படலாம், மழைத்தூவானம் படக்கூடாது. ஒன்றிரண்டு மாதம் உறங்கினால்தான் சீராக முளைக்கும். தை பிறந்து மழை ஓய்ந்ததும் பிடிகளை இறக்கிச் சுளகில் உதிர்த்தால் சருகு சரசரக்கும். ஒவ்வொன்றையும் பெருவிரலால் அமத்திப் பார்ப்பார்கள்: கழுத்து இளகினால் கறிக்கு, கல்லுப்போல இருந்தால் பாத்திக்கு. நடுத்தரப் பருமன் போதும். பெரியதை மண்ணுக்குள் புதைப்பது வீண்செலவு என்பது என் கட்சி. தெரிந்தெடுத்த வெங்காயத்தின் நுனியைச் சற்றே சீவி, தலை தெரிய ஊன்றி, கிணற்றுத் தண்ணியைக் கையால் தடுத்து மெல்ல விட வேண்டும். வீசி ஊற்றினால் மணல் அரித்து வேர் வெளியே வந்துவிடும். இரண்டு மாதம் சொச்சத்தில் தாள் தானாகச் சாயும். இழுக்கும்போது வேர் மண்ணை விடும் அந்த ‘சிர்ர்’ சத்தத்திலேயே எனக்குப் பசி வந்துவிடும். ஒன்று ஊன்றிய இடத்தில் நாலைந்து, செவ்வூதாத் தோலோடு. அன்றைக்கே பச்சையாக நறுக்கி, உப்பும் தேசிக்காய்ப் புளியும் விட்டு, பொரித்த மீனோடு சாப்பிட வேண்டும்.