பத்து நாள் தொண்டு

கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் அநாதை இல்லங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 75 விழுக்காடு கூடியது. கெமர் ரூஜ் ஆட்சி ஒழிந்து கால் நூற்றாண்டு கடந்திருந்தது; உள்நாட்டுப் போர் ஓய்ந்திருந்தது; எய்ட்ஸ் பரவலும் இறங்குமுகத்தில் இருந்தது. பெற்றோர் சாவது குறைந்துவந்த நாட்டில் அநாதைகள் மட்டும் பெருகுவானேன்? கணக்கெடுத்துப் பார்த்தபோது, இல்லங்களில் இருந்த குழந்தைகளில் நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தது தெரிந்தது. அதே ஐந்தாண்டில் அங்கே வேறொன்றும் வளர்ந்தது. ஆண்டுக்குச் சுமார் 14 லட்சமாக இருந்த வெளிநாட்டுப் பயணிகள் 25 லட்சம் ஆனார்கள்.

அங்கோர் வாட்டைப் பார்க்க சியெம் ரீப்புக்கு வருபவருக்குக் கோயில்களைச் சுற்றி முடித்தபின் மாலைப் பொழுது மிஞ்சும். சில இல்லங்கள் அந்த மாலைப் பொழுதைத்தான் பிடித்துக்கொண்டன. குழந்தைகளின் நடனம், பிறகு அவர்களோடு கொஞ்சம் விளையாட்டு, வாசலில் உண்டியல். வாரக்கணக்கில் தங்கிப் ‘பராமரிக்க’ விரும்புவோருக்குத் தனிக் கட்டணம். பயணிகள் கூடக்கூட, காட்டுவதற்குக் குழந்தைகளும் கூட வேண்டியிருந்தது. கிராமத்து ஏழைத் தகப்பனிடம் போய், பையனைப் படிக்க வைக்கிறோம், இங்கிலீஷ் பேசுவான் என்றால் அவர் அனுப்பிவிடுவார். வந்த பயணியின் இரக்கம் உண்மை. அனுப்பிய தகப்பனின் ஆசையும் உண்மை. இரண்டையும் இணைத்துக் காசு பார்த்தவன் மட்டும்தான் நடுவில் பொய். மோசமான இடங்களில் குழந்தைகளைக் கிழிசலோடும் மெலிவோடும் வைத்திருப்பதே லாபம் என்றானது, ஏனென்றால் கொழுகொழுவென்று இருக்கும் குழந்தையைப் பார்த்து யாரும் பணப்பையைத் திறப்பதில்லை.

நேபாளத்தின் கதை இன்னும் கசப்பு. 1996 முதல் 2006 வரை நடந்த மாவோயிஸ்ட் போரின்போது, ஹும்லா போன்ற தொலைதூர மலை மாவட்டங்களில் பிள்ளைகளைப் படைக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பெற்றோர் அஞ்சினார்கள். நகரத்தில் பத்திரமாகப் படிக்க வைக்கிறேன் என்று வந்த தரகரிடம், இருந்த காசையும் கொடுத்துக் குழந்தையையும் கொடுத்தார்கள். குழந்தைக்கு அநாதை என்று போலிக் காகிதம் தயாரானது. அந்த நாட்டு வரைபடத்தில் இல்லங்களைக் குறித்துப் பார்த்தால் அவை வறுமை மிகுந்த மாவட்டங்களில் இல்லை. காத்மாண்டுப் பள்ளத்தாக்கு, பொக்கரா, சித்வன் என்று பயணிகள் போகும் தடத்திலேயே நெருக்கமாக இருக்கின்றன. 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு, உரிய துணையும் அனுமதியும் இல்லாமல் குழந்தைகள் மாவட்டம் விட்டு மாவட்டம் போவதை அரசு தடுத்ததற்கு இந்தப் பழைய அனுபவமும் ஒரு காரணம்.

மோசடி இல்லங்களை மூடிவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. நேர்மையாக நடக்கும் இல்லத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஆய்வாளர்கள் லிண்டா ரிக்டரும் ஏமி நார்மனும் 2010-இல் அதைச் சுட்டிக்காட்டினார்கள். தாயை விட்டுப் பிரிந்த குழந்தை யாரிடமும் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். வந்த அன்றே மடியில் ஏறி உட்காரும். தொண்டர் அதை அன்பு என்று எண்ணி நெகிழ்ந்துபோகிறார். உண்மையில் அது பற்றுதல் குலைந்ததன் அடையாளமாக இருக்கலாம். இரண்டு வாரத்தில் அவர் போய்விடுவார், அடுத்தவர் வருவார், அவரும் போவார். ஒவ்வொரு விடைபெறலும் முதல் பிரிவை மறுபடி நடத்திக் காட்டுகிறது. ஆஸ்திரேலியாவில் 2018-இல் நவீன அடிமைமுறைச் சட்டம் வந்தபோது, இல்லங்களை நிரப்பக் குழந்தைகளைக் கடத்துவதையும் அதன் கீழ் பார்க்கத் தொடங்கினார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் அன்போடு வந்து போகிறவர் விட்டுச்செல்லும் காயத்துக்குச் சட்டத்தில் பெயர் இல்லை.

இதையெல்லாம் அடுக்கினால், விடுமுறையில் தொண்டு என்பதே வேண்டாம் என்று சொல்லத் தோன்றும். சிந்தனையாளர் இவான் இல்லிச் அப்படித்தான் சொன்னார். 1968-இல், கோடை விடுமுறையில் மெக்சிகோவில் தொண்டு செய்யக் கிளம்பவிருந்த வட அமெரிக்க மாணவர்களின் முகத்துக்கு நேரே அவர் பேசிய பேச்சு இன்றும் சுடும். பயணியாக வாருங்கள், உதவிக்காரராக வராதீர்கள் என்பது அதன் சாரம். நான் இல்லிச்சோடு பாதி வழிதான் போவேன். பேச்சு தெரியாத ஊரில் மனிதரைத் திருத்த வருபவரைப் பற்றி அவர் சொன்னது முழுக்கச் சரி. மனிதரைத் தொடாத வேலைகளும் உலகில் உண்டு என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. நாள் குறையக் குறைய, தொண்டர் மனிதரிடமிருந்து தள்ளி நிற்க வேண்டும் என்பது என் கட்சி. பத்து நாள் இருப்பவர் மண்ணைத் தொடலாம், மரக்கன்றைத் தொடலாம், கிடங்கில் மூட்டை அடுக்கலாம். குழந்தையைத் தொடுவதற்கு ஆண்டுக்கணக்கு வேண்டும். 1961-இல் தொடங்கிய அமெரிக்க அமைதிப் படை தன் ஆட்களை முதலில் சில மாதம் மொழி படிக்க வைத்து, பிறகு இரண்டாண்டு ஓரிடத்தில் உட்கார வைக்கிறது. அதன் மீது அரசியல் விமர்சனம் ஆயிரம் இருக்கட்டும், கால அளவு விஷயத்தில் அவர்கள் கணக்கு சரி.

மனிதரைத் தொடாத வேலைக்கு உதாரணம் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று இருக்கிறது. ஜனவரி தொடங்கி பங்குனி முடியும் வரை, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் மணலில் நடக்கிறார்கள். மீனவர்கள் பங்குனி ஆமை என்று அழைக்கும் சிற்றாமை கரையேறி, நூறு முட்டை அளவுக்கு இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். தடத்தைப் பார்த்துக் குழியைக் கண்டுபிடித்து, நாய்களுக்கு முன் முட்டைகளை எடுத்து, வேலி போட்ட பொரிப்பிடத்தில் அதே ஆழத்தில் புதைக்கிறார்கள். ஒன்றரை மாதம் போல ஆனதும் குஞ்சுகள் வரும். கடற்கரைச் சாலையின் விளக்கொளியைக் கடல் என்று நம்பி ஊருக்குள் ஓடிவிடாமல் அவற்றை இருட்டில் அலைக்கு அருகே விடுகிறார்கள். ஊர் சுற்ற வந்தவரும் வார இறுதியில் கூட நடக்கலாம். அவர் முட்டையில் கை வைப்பதில்லை. பழகியவர்கள் எடுக்கிறார்கள், இவர் பின்னால் நடக்கிறார். மறுநாள் அவர் இல்லாமல் போனால் ஆமைக்கும் ஒன்றுமில்லை, அமைப்புக்கும் ஒன்றுமில்லை. இடையில் போய்விட்டாலும் வேலைக்குப் பங்கம் வராத இடமே குறுகிய காலத் தொண்டருக்கு ஏற்ற இடம்.

இதிலும் ஒரு குறை உண்டு, அதை மறைக்க முடியாது. 2025 ஜனவரியில் சென்னைக் கரை நெடுக நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வர முடியாமல் அவை மூழ்கிச் சாகும். முட்டையிடும் பருவத்தில் கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு வரக் கூடாது என்று விதி இருக்கிறது. வலையில் ஆமை தப்பிக்கும் கருவி பொருத்த வேண்டும் என்பதும் நெடுநாள் பேச்சு. இந்த வேலைக்கு மீன்வளத்துறை அலுவலகமும் படகுக்காரரோடு பேரமும் வழக்காடு மன்றமும் வேண்டும். நிலா வெளிச்சத்து நடை போதாது. விடுமுறைத் தொண்டு இயல்பாகவே அழகான பாதியை எடுத்துக்கொள்ளும். அலுப்பான பாதி உள்ளூர்க்காரர் தலையில். இது தெரிந்து செய்தால் தவறில்லை. ஆமையையே காப்பாற்றிவிட்டோம் என்று நம்பிக்கொண்டு வீடு திரும்புவதுதான் உறுத்துகிறது.

ஆங்கிலம் கற்பிக்கப் போவதும் பள்ளிக்கூடம் கட்டப் போவதும் அநாதை இல்லத்துக்கும் ஆமைக் கரைக்கும் நடுவே வருகின்றன. கொத்துவேலை தெரியாத கல்லூரி மாணவர் கட்டும் சுவரால் உள்ளூர்க் கொத்தனாரின் கூலி போகிறது, சுவரும் கோணல். அதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை. கற்பித்தல் அப்படி ஒதுக்கித் தள்ளக்கூடியதல்ல. இரண்டு வாரத்துக்கு ஒருவர் மாறினால் பிள்ளைகள் ஆண்டு முழுக்க அதே பாட்டையும் அதே நிறப் பெயர்களையுமே படித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் நல்லூர்த் திருவிழாவுக்குப் பெற்றோரோடு வரும் புலம்பெயர் ஈழத் தமிழ்ப் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். அரைகுறையாக என்றாலும் தமிழ் தெரியும். பெரியம்மா வீட்டில் தங்குவார்கள், அடுத்த ஆண்டும் வருவார்கள், இடையில் அலைபேசியில் பாடத்தைத் தொடரலாம். திரும்பி வரும் உறவு இருக்கிறவருக்கு நான் மேலே போட்ட கால வரம்பு அவ்வளவு இறுக்கமாகப் பொருந்தாது. அவர்களும் பள்ளி ஆசிரியரைக் கேட்டு, அவருக்கு எந்தப் பாடத்தில் கை தேவையோ அதை எடுப்பதே முறை. ஆசிரியரை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு வகுப்பெடுப்பது விருந்தாளி சமையலறையைக் கைப்பற்றுவது போல.

பயணத்தின் உடற்கணக்கையும் இங்கே சேர்க்க வேண்டும். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கும் அளவுக்கே இருக்கும். கிட்டத்தட்ட ஊட்டி உயரத்தில், அதைவிட வறண்ட காற்றில், அசையாமல் பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். நடைபாதை ஓர இருக்கை வாங்குங்கள், அவ்வப்போது எழுந்து நடங்கள், கெண்டைக்காலை அசைத்துக்கொண்டே இருங்கள், தண்ணீர் குடியுங்கள், மது வேண்டாம். நெடுநேரம் அசையாத காலில் ரத்தம் உறைவது அரிது என்றாலும் விளையாட்டில்லை. முன்பே அப்படி உறைந்தவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். இவை எல்லாரும் சொல்வதுதான். யாரும் சொல்லாதது நாள்கணக்கு. ஐந்தாறு மணி நேர வித்தியாசமுள்ள நாட்டுக்குப் போனால் தூக்கம் ஒழுங்காக, மணிக்கு ஒரு நாள் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். பத்து நாள் தொண்டில் போகவர இரண்டு நாளும், பகலில் கண் செருகும் முதல் மூன்று நான்கு நாளும் கழித்தால் மிச்சம் என்ன? அறிமுகம் முடிவதற்குள் விடைபெறல் வந்துவிடும். அதனால் பக்கத்து நாடு, பக்கத்து மாவட்டம் என்று தேர்ந்தெடுப்பவரே கூடுதலாக வேலை செய்வார். விசாவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியா சுற்றுலா விசாவில் ஊதியமில்லாத தொண்டுக்கு ஒரு மாதம் வரை இடம் தருகிறது. எல்லா நாடும் அப்படியில்லை.

கம்போடியாவுக்குப் போகிற ஐரோப்பியரைக் குறை சொல்வது நமக்குச் சுலபம். பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் நம் ஊர் இல்லங்களில் சாப்பாடு போடுகிறோமே, அதுவும் இதன் தம்பிதான். பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, கேக் வெட்டுகிறவருக்குப் பாட்டுப் பாட வைத்து, நன்றி சொல்ல வைத்து, படம் எடுத்து அன்று மாலையே பகிர்கிறோம். பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளம் தெரியும் படத்தை ஊடகத்தில் வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 74-ஆம் பிரிவில் தடை செய்கிறது. இல்லங்கள் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பதிவுச் சான்றைக் கேட்டுவிட்டு உண்டியலில் போடுகிறவர் எத்தனை பேர்?

வறுமையால் பிள்ளையை இல்லத்தில் விடும் நிலையிலுள்ள குடும்பத்துக்கு, பிள்ளை வீட்டிலேயே வளர உதவித்தொகை தரும் ஏற்பாடு ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இருக்கிறது: மாதம் 4,000 ரூபாய். விண்ணப்பிக்கத் தெரியாமல் விட்டுப்போனவர்கள் நிறைய. தன் ஊரில், தன் மொழியில், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒரு விதவைத் தாயைக் கூட்டிக்கொண்டு போய்ப் படிவத்தை நிரப்பி, அது கிடைக்கும் வரை இரண்டு மூன்று முறை கூட அலைவதற்கு ஒருவரின் விடுப்பில் நாலு நாள் போகும். விமானச் சீட்டு வேண்டாம், கட்டணம் வேண்டாம், பேருந்துக் காசு போதும். படம் எடுக்க அங்கே ஒன்றும் இருக்காது. அலுவலக வாசலில் ஒரு மர பெஞ்சும், மதியச் சாப்பாட்டுக்குப் போன எழுத்தர் வரும் வரை காத்திருப்பும்தான்.