மாலுமியும் முஅல்லிமும்: இப்னு மாஜிதை நாம் வாசித்திருக்கிறோமா?

சென்ற வருடம் மீலாத் விழாப் பேச்சுப் போட்டியொன்றுக்கு நடுவராகப் போயிருந்தேன். முஸ்லிம் அறிஞர்கள் உலகுக்கு வழங்கிய கொடை என்பது தலைப்பு. ஒன்பதாம் தரத்து மாணவன் ஒருவன் நல்ல குரலெடுத்துப் பேசினான். "வாஸ்கோடகாமாவுக்கு இந்தியாவுக்கு வழிகாட்டியவர் யார்? நமது இப்னு மாஜித்!" என்று அவன் கையை உயர்த்தியபோது சபையில் தக்பீர் முழங்கியது. நானும் தாராளமாகப் புள்ளி போட்டேன். போட்டி முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில் இன்னொரு பொடியன் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்:

"சேர், அப்ப பறங்கியன் இந்தப் பக்கம் வாறத்துக்கு நம்மட ஆள்தானா வழி காட்டின? பிறகு அவன்தானே நம்மட ஆக்கள விரட்டின?"

1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியதையும், செனரத் மன்னன் அவர்களில் பலரைக் கிழக்கில் குடியமர்த்தியதையும் எங்கட பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். அந்தப் பொடியன் இரண்டையும் பொருத்திப் பார்த்துவிட்டான். புள்ளி போட்ட எனக்கு அது தோன்றவில்லை. "தேடிப் பாத்துச் சொல்றன் மகன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இக்கட்டுரை அந்தத் தேடலின் விளைவு.

முதலில் கதையைப் பார்ப்போம். வாஸ்கோடகாமா 1498 ஏப்ரல் 24இல் கிழக்கு ஆபிரிக்காவின் மலிந்தியிலிருந்து புறப்பட்டு, மே 20 அளவில் கள்ளிக்கோட்டைக்கு அண்மையில் நங்கூரமிட்டான். மலிந்தி மன்னன் கொடுத்த வழிகாட்டி ஒருவர் கப்பலில் இருந்தார் என்பதில் ஐயமில்லை. அவர் யார் என்பதில்தான் சிக்கல். அப்பயணத்தில் போன ஒருவரின் நாட்குறிப்பு அவரைக் கிறிஸ்தவர் என்கிறது, பெயர் தரவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின் எழுதிய போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் பாரோஸ் அவரைக் குஜராத் முஸ்லிம் என்றும், 'மலேமோ கனா' என்றும் எழுதுகிறார். இது ஆளின் பெயரே அல்ல. 'மலேமோ' என்பது அரபு முஅல்லிம். 'கனா' என்பது கணிப்பவன் என்ற பொருளுடைய 'கணக' என்னும் வடசொல்லின் திரிபு. எங்கட ஊரில் 'கணக்கப்பிள்ளை' என்று ஒருவரைக் கூப்பிடுவது போன்ற ஒரு தொழிற்பெயர்.

இதில் இப்னு மாஜித் எங்கிருந்து வந்தார்? மக்காவில் வாழ்ந்த குத்புத்தீன் நஹ்ரவாலி என்ற வரலாற்றாசிரியர், சம்பவம் நடந்து எழுபது வருடங்களுக்கு மேல் கழிந்தபின் எழுதிய 'அல்பர்குல் யமானி' என்ற நூலிலிருந்து வந்தார். பறங்கியர் கடல்வழி தெரியாமல் தத்தளித்தார்கள், இப்னு மாஜித் என்ற மாலுமிக்கு மது கொடுத்தார்கள், போதையில் அவர் வழியைச் சொல்லிவிட்டார் என்பது அவர் தரும் செய்தி. பழி சுமத்துவதற்காகச் சொல்லப்பட்ட கதை இது. 1920களில் பிரெஞ்சு அறிஞர் கப்ரியேல் பெராண், போர்த்துக்கேயரின் 'மலேமோ'வையும் நஹ்ரவாலியின் இப்னு மாஜிதையும் ஒருவராக்கினார். பிறகு அது பாடநூல்களுக்குப் போனது. மேடைக்கு ஏறும்போது மதுக்கிண்ணம் மட்டும் நழுவி விழுந்துவிட்டது. பழியாக எழுதப்பட்டதை நாம் பெருமையாக ஓதிக்கொண்டிருக்கிறோம்.

இப்னு மாஜித் குஜராத்காரரும் அல்லர். இன்றைய றாஸ் அல்-கைமாவான ஜுல்பாரில் பிறந்தவர். 1498இல் நன்றாக வயது முதிர்ந்தவர். பறங்கியரின் வருகையைக் குறிக்கும் வரிகள் அவர் பெயரிலுள்ள ஒரு பாடலில் உண்டு. ஆனால் அவை பிற்காலத்தில் செருகப்பட்டவையா என்ற விவாதம் இருக்கிறது. ஆய்வாளர் பலர் இன்று இந்த அடையாளத்தை ஏற்பதில்லை. அல்லாஹு அஃலம்.

என் குறை இதற்கு அப்பால் உள்ளது. வழிகாட்டினார் என்று புகழ்பவரும் காட்டிக்கொடுத்தார் என்று இகழ்பவரும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகிறார்கள்: இரு சாராரும் அவர் எழுதியதைத் திறந்து பார்க்கவில்லை.

திறந்து பார்த்தால் என்ன இருக்கிறது? ஹிஜ்ரி 895இல், அதாவது கி.பி. 1490 அளவில், அவர் முடித்த பெரும் உரைநடை நூல் 'கிதாபுல் பவாயித்'. பன்னிரண்டு 'பாயிதா'க்கள், அதாவது பயன்கள், கொண்டது. நான் வாசித்தது 1971இல் வெளிவந்த திபெட்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பைத்தான். என் அரபு ஓதுகிற அளவுக்கு உரியது; எனவே அவரது அரபு நடையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒரு மனிதர் எப்படிச் சிந்திக்கிறார் என்பது மொழிபெயர்ப்பிலும் தெரியும்.

அவர் கையே அவரது அளவுகோல். நீட்டிய கையில் ஒரு விரலின் அகலம் ஒரு 'இஸ்பஃ'. வானவட்டம் முழுவதும் 224 இஸ்பஃ என்பது அவர் கணக்கு. ஒரு விரல் ஏறத்தாழ 1.6 பாகை. துருவ நட்சத்திரம் ஒரு விரல் உயர வேண்டுமானால் நேர்வடக்கே எட்டு 'ஸாம்' ஓட வேண்டும். ஸாம் என்பது நம்முடைய சாமத்தைப் போல மூன்று மணித்தியாலம். ஆக, நல்ல காற்றில் ஓர் இரவும் ஒரு பகலும். ஆனால் துருவ நட்சத்திரம் அன்று சரியாகத் துருவத்தில் இல்லை. மூன்று பாகைக்கு மேல் விலகி நின்றது. ஆகவே எந்த நேரத்தில் அளந்தாலும் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். அந்தத் திருத்தத்தைச் சந்திரனின் 28 மனைகளைக் கொண்டு கண்டுபிடிக்க அவர் கற்றுத்தருகிறார். திசைகள் முப்பத்திரண்டு, பெரும்பாலானவற்றுக்கு ஒரு நட்சத்திரம் உதிக்கும் அல்லது மறையும் இடத்தின் பெயர். காற்றை நாட்கணக்கில் பிரிக்கிறார். எங்கட கரைகளில் வாடை, சோழகம், கச்சான் என்று பெயர் சொல்லிக் காத்திருப்பது போல, இன்ன துறையிலிருந்து இன்ன நாளுக்குள் பாய் விரிக்க வேண்டும் என்று வரையறுக்கிறார். காலம் பிந்திப் புறப்படுகிறவன் அவர் கண்ணில் சூதாடி. கரை தெரியாத இடத்தில் கடற்பாம்பும் பறவையும் தண்ணீரின் நிறமும் ஈயக்குண்டில் ஒட்டி வருகிற சேறும்கூட அவருக்கு எழுத்துக்கள். பெருந்தீவுகள் பத்தை விவரிக்கும் பகுதியில் நமது இலங்கையும் ஒன்று.

இவற்றைவிட என்னைக் கவர்ந்தது அவரிடமுள்ள விமர்சகர். அவருக்கு முன் கடல்நூல் எழுதிய மூவரை அவர் சிங்கங்கள் என்று மரியாதையுடன் சொல்கிறார். தம்மை நான்காமவர் என்கிறார். அதோடு நிற்கவில்லை. அம்மூவரும் பிறரிடம் கேட்டுத் தொகுத்தவர்கள், தாமே ஓடிப் பார்த்தவர்கள் அல்லர் என்று குறையும் சொல்கிறார். அவருடைய தந்தையும் பாட்டனாரும் மாலுமிகள். தந்தை செங்கடலைப் பற்றி ஆயிரத்துக்கும் அதிகமான அடிகளில் பாடியவர். குடும்பத்துச் சொத்தாக வந்த அந்த அறிவையும் அவர் கடலில் சோதித்துப் பார்த்துத் திருத்தியே ஏற்றார். இப்படிப்பட்டவரைத்தான் நாம் கேட்டதைக் கேட்டபடி மேடையில் ஒப்பிக்கிறோம். அவர் எதை எதிர்த்தாரோ அதனாலேயே அவரைப் புகழ்கிறோம்.

தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்ற எனக்கு இங்கே ஓர் இலக்கியக் கேள்வியும் எழுந்தது. இப்னு மாஜித் எழுதியவற்றில் பெரும்பகுதி செய்யுள். 1462இல் அவர் பாடிய 'ஹாவியா' ஆயிரத்துக்கு மேற்பட்ட அடிகளில் ரஜஸ் யாப்பில் அமைந்தது. இது கவிதையா? பல்கலைக்கழகத்தில் எங்களுக்குப் பழக்கிய கண்ணால் பார்த்தால் இல்லை. வாகடம், சோதிடம், எண்சுவடி எல்லாம் 'வெறும் செய்யுள்' என்று ஒதுக்கப்பட்ட வகுப்பறை அது. 1572இல் அரங்கேறிய 'ஆயிரம் மசலா'வைக்கூட முதல் நூல்களில் ஒன்று என்ற வரலாற்று மரியாதையோடு கடந்துபோனோமே தவிர, கேள்வியும் பதிலுமாக அது எப்படி அறிவைக் கொண்டுசெல்கிறது என்று கேட்கவில்லை.

இருட்டில், அலை அடிக்கையில், விளக்கை வைத்து ஏடு புரட்ட முடியாத அணியத்தில் நிற்பவனுக்கு யாப்பு வேறு வேலை செய்கிறது. ஓர் எண் பிழைத்தால் கப்பல் பாரில் மோதும். ஓசையில் கட்டிய எண் எளிதில் பிழைக்காது. பிழைத்தால் காது சொல்லிவிடும். இது அலங்காரமாகச் சேர்த்த யாப்பன்று. நங்கூரக் கயிறு மாதிரி பாரம் தாங்குகிற யாப்பு. அணியும் கற்பனையும் தேடி இவ்வகை நூல்களை மதிப்பிட்டு, குறைபாடுடையவை என்று முடிவு கட்டியது நமது விமர்சனத்தின் பிழை.

குறைகள் இல்லாமலும் இல்லை. தற்புகழ்ச்சி சலிப்பூட்டும் அளவுக்கு வருகிறது. ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கையில் பழைய கவிஞர்களின் அடிகளை எடுத்துக்கொண்டு வேறெங்கோ போய்விடுகிறார். தாம் நன்கறிந்த மேற்குக் கடலில் இருக்கும் நுணுக்கம் கீழைக்கடல் பற்றிய பகுதிகளில் இல்லை. மலாக்கா மக்களைப் பற்றி அவர் சொல்லும் கடுமொழிகள், ஒரு துறைமுகத்தை மட்டும் பார்த்து ஒரு சமூகத்தையே எடைபோடுவதன் ஆபத்துக்கு உதாரணம். கேட்டு எழுதியவர்களைக் கண்டித்தவரும் அங்கே வழுக்கினார். இதை மறைத்து அவரைப் புனிதராக்க வேண்டிய தேவை நமக்கில்லை.

ஆனால் மாலுமியின் கடமைகளைச் சொல்லும் பகுதி எந்த ஆசிரியர் கலாசாலையிலும் வைக்கத் தகுந்தது. கப்பல் தரையில் கிடக்கும்போதே அதன் குறைகளைப் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். எல்லார் ஆலோசனையையும் கேட்டுச் சிறந்ததை எடுக்க வேண்டும். பொறுமைக்கும் சோம்பலுக்கும், வேகத்துக்கும் அவசரத்துக்கும் வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஒரு நூற்றாண்டுக்குப் பின் அபுல் பஸ்ல் 'ஆயினே அக்பரி'யில் கப்பலின் ஆட்களைப் பன்னிரண்டு வகையாகப் பிரிக்கிறார். நாகுதா, முஅல்லிம், தண்டேல், சரங்கு, சாமான் அறைக்குப் பண்டாரி, கணக்குக்குக் கர்ராணி, சுக்கான் பிடிப்பவர், பாய்மர உச்சியில் காவலிருப்பவர், ஊறும் நீரை இறைப்பவர் என்று போகிறது பட்டியல். இதில் சுக்கான் பிடிப்பவர் முஅல்லிமின் சொற்படி நடக்க வேண்டியவர்.

இந்தச் சொற்கள் நமக்குப் புதியவை அல்ல. 'சுக்கான்' அரபுச் சொல், தமிழாகிவிட்டது. தண்டேலின் உறவுச் சொல்தான் வடபகுதிப் பாய்க்கப்பல்களில் வழங்கிய 'தண்டையல்'. 'மாலுமி' என்பதோ முஅல்லிமேதான். குர்ஆன் மதரசாவில் அலிப், பே சொல்லித்தருபவர் முஅல்லிம். கடலில் வழி சொல்பவர் மாலுமி. ஒரே சொல் இரு வாசலால் தமிழுக்குள் வந்திருக்கிறது. கப்பலோட்டியை 'ஆசிரியர்' என்று அழைத்த மக்கள், அறிவைக் கைத்தொழிலிலிருந்து பிரிக்காதவர்கள். நமது மீலாத் மேடைகளில் பிரிந்துபோனது அதுதான்.

அந்தப் பொடியனைப் பிறகு கண்டபோது மேலே சொன்ன சாட்சிகளைச் சொன்னேன். "அப்ப அவர் இல்லையா சேர்?" என்றான். "பெரும்பாலும் இல்லை மகன். ஆனா அவர் பெரிய ஆள். அதுக்குக் காரணம் வேற" என்றேன். மூன்று நான்கு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு இரவில் கடற்கரைக்குப் போனோம். வடக்கே, அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே, மங்கலாகத் துருவ நட்சத்திரம். நாமிருப்பது ஏழரைப் பாகை அளவில். எனவே அது அவ்வளவு தாழ்வாகத்தான் நிற்கும். கையை நீட்டி விரல்களால் அளக்கச் சொன்னேன். "நாலு விரல்" என்றான் ஒருவன். "இல்ல, அஞ்சு" என்றான் மற்றவன். இருவரும் சண்டை பிடித்தார்கள். திரும்பத் திரும்ப அளந்தார்கள்.

அன்றுதான் அந்தப் பிள்ளைகள் இப்னு மாஜிதை முதன்முதல் வாசித்தார்கள். நானும்தான்.