ஆர்தர் அவலோன் பதிப்புகளும் தந்திர ஆய்வும்: ஒரு மறுமதிப்பீடு

தந்திர நூல்கள் குறித்த ஐரோப்பியர் எழுத்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பாலும் கண்டனமாகவே அமைந்தது. செராம்பூர் மறைப்பணியாளர் வில்லியம் வார்டு வங்காளச் சாக்த வழிபாட்டை அருவருப்புடன் விவரித்தார். வடமொழிப் பேராசிரியர் மோனியர் வில்லியம்ஸும் அதனை இந்து சமயத்தின் இழிநிலையாகவே கண்டார். இப்பின்னணியில், 1913இல் ‘ஆர்தர் அவலோன்’ என்னும் புனைபெயரில் வெளிவந்த மகாநிர்வாண தந்திர மொழிபெயர்ப்பு காலனியப் பார்வையை முறியடித்த முயற்சியாகப் போற்றப்படுகிறது. அப்பெயருக்குரியவராக அறியப்பட்டவர் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி சர் ஜான் உட்ராஃப்.

இப்போற்றுதல் முழுமையாக ஏற்கத்தக்கதன்று. உட்ராஃப் குற்றச்சாட்டை மறுத்தாரேயன்றி, அது எழுந்த அளவுகோலை வினவினாரல்லர். அவர் முதலில் தெரிந்தெடுத்த நூலே இதற்குச் சான்று. மகாநிர்வாணம் பரப்பிரம்ம வழிபாட்டை முதன்மைப்படுத்துவது. உடன்கட்டை ஏறுதலை விலக்குவது. ராம்மோகன் ராயோடு நெருங்கிய தொடர்புடைய ஹரிஹரானந்தர் அதற்கு உரை கண்டார். 1876இல் ஆதி பிரம்ம சமாஜம் அதனை அச்சிட்டது. சீர்திருத்தவாதிகளுக்கு முன்னரே உவப்பாயிருந்த நூல் அது! பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்தில் புனையப்பட்ட நூலென்று அதனை டெரட் வாதிட்டதும் இங்குக் கருதத்தக்கது. நீதிமன்றத்தில் நிறுத்தத்தக்க சாட்சி தேடப்பட்டது, கிடைத்தது.

பதிப்புப்பணியின் உழைப்பு யாருடையது என்பது மற்றொரு வினா. அவலோன் நூல்களுக்குப் பின்னிருந்த வடமொழிப் புலமை பெரிதும் அடல் பிகாரி கோஷ் என்னும் வங்காள வழக்கறிஞருடையது என்பதைக் கேத்லீன் டெய்லர் 2001இல் வெளியிட்ட ஆய்வு நிறுவியது. புனைபெயர் இருவருக்கும் பொதுவாயினும், உலகம் அதில் கண்டது ஆங்கிலேயரை மட்டுமே. இந்திய நூலுக்கு வழக்காட இந்திய அறிஞரின் பெயர் போதவில்லை என்னும் நிலையைக் காலனியம் என்றன்றி வேறெவ்வாறு குறிப்பது?

தமிழ் ஆய்வுலகிற்கும் இதில் பங்குண்டு. திருமந்திரம் ஒன்பது தந்திரங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. சிவாலயப் பூசைக்கு அடிப்படையான சைவாகமங்களும் தந்திர இலக்கிய வகையைச் சார்ந்தனவே. ஆயினும் கள், ஊன் முதலிய ஐம்மகாரங்களைக் கொண்டே தந்திரத்தை அடையாளங்கண்ட பார்வை, அன்றாடத் திருமஞ்சனத்தையும் தீக்கையையும் அச்சொல்லுக்குப் புறத்தே நிறுத்திற்று. ‘ஆகமம் வேறு, தந்திரம் வேறு’ என்று ஆகமத்தைக் காப்பதாக எண்ணுவோரும் அதே அளவுகோலையே கையாளுகின்றனர். எலேன் புரூனர் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின்வழி 1963 முதல் 1998 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட சோமசம்பு பத்ததி நாள்வழிபாட்டையும் தீக்கையையும் விரிவாகக் கூறுகிறது. இத்தகைய பத்ததியிலிருந்து ஆய்வு தொடங்கியிருப்பின், தந்திரம் என்னும் சொல்லின் வரையறையே வேறாயிருந்திருக்கும்.