ஜோலார்பேட்டைக் காலை

சென்னையிலிருந்து வரும் தண்டவாளம் பெங்களூருக்கும் சேலத்துக்குமாகப் பிரியும் இடம் ஜோலார்பேட்டை. இந்த ஊரை ரசிக்க, காலையில் ஸ்டேஷன் பக்கம் நின்றாலே போதும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்குக் கிளம்பும் பெண்கள், தலையில் பூ, கையில் சாப்பாட்டுப் பை, நடையோடு நடையாகப் பேச்சு. தோல் வெட்டி, மேல்பாகம் தைக்கும் அந்தக் கைகளின் சம்பளம்தான் இங்கே மளிகையாகிறது, பிள்ளைகளின் படிப்பாகிறது, மெல்ல மெல்ல மாடி வீடாகிறது. பலாப் பருவத்தில் ஏலகிரி மலையிலிருந்து, புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய கொண்டை ஊசி வளைவுகள் வழியே பழம் இறங்கும், தெருவே மணக்கும்.

எனக்கு இந்த ஊர்மேல் தனி மரியாதை வந்தது 2019 ஜூலையில். சென்னை குடிநீருக்குத் தவித்தபோது, 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் இங்கிருந்துதான் சென்னை வில்லிவாக்கத்துக்குப் போனது. பாலாறு வறண்ட சீமை, தனக்குக் குழாயில் வரும் காவிரியைப் பகிர்ந்துகொண்டது.