நான்காவது சாவி

ஹெர்மன் மெல்வில்லின் 'பார்ட்டில்பி' கதையை எங்கள் தலைமுறை முதலில் ஒரு டி-ஷர்ட் வாசகமாகத்தான் அறிந்துகொண்டது. வேலை கொடுத்தால், விருப்பமில்லை என்று மரியாதையாக மறுத்துவிடும் குமாஸ்தா. திங்கட்கிழமை காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் நிற்கும் எவனுக்கும் பிடித்துப்போகிற ஆள். 2011இல் நியூயார்க்கில் வால் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்புப் போராட்டம் நடந்தபோதும் அவன் பெயர் அடிபட்டது. கதையும் வால் ஸ்ட்ரீட்டில்தானே நடக்கிறது.

நானும் அப்படித்தான் இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறைதான் உறைத்தது. கதையின் பின்பாதியில் வேலை ஒரு பிரச்சினையே இல்லை. பார்ட்டில்பி நகலெடுப்பதை முற்றிலும் நிறுத்திவிட்டான், வக்கீலும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டார். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் ஒரே விஷயம்தான்: போ என்று சொல்லியாகிவிட்டது, ஆள் போக மாட்டேன் என்கிறான். வேலைநிறுத்தக் கதையாக நாம் கொண்டாடுவது, இன்றைய பத்திரிகை பாஷையில் சொன்னால், அத்துமீறல் வழக்கு.

1853இல் 'புட்னம்ஸ்' மாத இதழின் நவம்பர், டிசம்பர் இதழ்களில், ஆசிரியர் பெயரில்லாமல் வெளியான கதை இது. 'மோபி டிக்' விலைபோகாமல் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதனால் பார்ட்டில்பியைத் தோற்றுப்போன எழுத்தாளரின் உருவகமாக வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வாசிப்பில் பெரிய ஈடுபாடில்லை. மெல்வில் அந்த அலுவலகத்தைக் கட்டியிருக்கும் விதம் உருவகம் செய்கிறவனுடையதாக இல்லை, வீட்டு புரோக்கருடையதாக இருக்கிறது. ஒரு பக்கத்து ஜன்னலுக்கு வெளியே வெள்ளைச் சுவர். மறுபக்கம் பத்தடி தூரத்தில், வயதாகிக் கறுத்துப்போன செங்கல் சுவர். பார்ட்டில்பியின் ஜன்னலுக்கு மூன்றடியில் இன்னொரு சுவர். முதலாளி கூப்பிட்டால் கேட்க வேண்டும், ஆனால் கண்ணில் படக்கூடாது என்பதற்காக நடுவில் ஒரு பச்சை மடிப்புத் திரை.

அந்த அலுவலகத்துக்கு நான்கு சாவிகள். ஒன்று, மாடியில் குடியிருந்து கூட்டிப்பெருக்கும் பெண்ணிடம். இன்னொன்று மூத்த குமாஸ்தாவிடம். மூன்றாவது சில சமயம் வக்கீலின் பாக்கெட்டில். நான்காவது யாரிடம் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. பிழைப்புக்காக ஆக்சஸ் கன்ட்ரோல் எழுதுகிறவன் என்பதால் இந்த வரியில் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எல்லா ஆடிட்டிலும் இந்த நான்காவது சாவி இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போகும் வழியில் வக்கீல் அலுவலகத்துக்கு வருகிறார். சாவி நுழையவில்லை, உள்ளே இன்னொரு சாவி இருக்கிறது. கதவைக் கொஞ்சமாகத் திறந்து பார்ட்டில்பி எட்டிப்பார்க்கிறான், சட்டைக் கையோடு. தான் இப்போது வேலையாக இருப்பதாகவும், இரண்டு மூன்று சுற்றுத் தெருவை நடந்துவிட்டு வந்தால் தேவலை என்றும் சொல்கிறான். வாடகை கொடுக்கிறவர், பெயர்ப்பலகைக்குச் சொந்தக்காரர், நடக்கப் போகிறார். கதையில் 'இங்கே வராதே' என்ற உத்தரவு முதலில் போடப்படுவது முதலாளிக்குத்தான். அவரும் கீழ்ப்படிகிறார்!

திரும்பி வந்து அவர் கண்டுபிடிக்கும் பொருட்கள்: மேசைக்கடியில் சுருட்டிவைத்த போர்வை, ஷூ பாலிஷ், தகரப் பேசின், சோப்பு, கந்தல் துண்டு, செய்தித்தாளில் பிஸ்கட் தூளும் ஒரு துண்டு சீஸும். அவன் அங்கேதான் வாழ்கிறான். ஞாயிறன்று பாலைவனம்போல வெறிச்சோடும் அந்த வால் ஸ்ட்ரீட்டில் ஒரே ஒரு ஆள்.

பிறகு நோட்டீஸ். ஆறு நாள் கெடு. பாக்கிச் சம்பளம் பன்னிரண்டு டாலர், மேற்கொண்டு இருபது. சாவியை மிதியடிக்குக் கீழே வைத்துவிட்டுப் போ. கச்சிதமான செட்டில்மென்ட். கத்தாமல், மிரட்டாமல் ஒருவனை எவ்வளவு அழகாக வெளியேற்றிவிட்டேன் என்று வக்கீல் தன்னையே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். எச்ஆர் ஆட்கள் இந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும். மறுநாள் காலை அவன் உள்ளேதான் இருக்கிறான்.

அப்போது வக்கீல் கேட்பவை சுத்தமான சொத்துரிமைக் கேள்விகள். நீ என்ன உரிமையில் இங்கே இருக்கிறாய்? வாடகை தருகிறாயா, வரி கட்டுகிறாயா, இது உன் சொத்தா? பதில் இல்லை. இப்படியே போனால் இவன் தனக்குப் பிறகும் உயிரோடிருந்து, இவ்வளவு காலம் இருந்த அனுபோகத்தை வைத்தே அலுவலகத்துக்கு உரிமை கொண்டாடிவிடுவானோ என்றும் பயப்படுகிறார். இரண்டு தலைமுறையாக வாடகைக்காரரோடு கேஸ் நடத்திக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு இந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை.

போலீஸைக் கூப்பிட்டிருக்கலாமே? என்ன குற்றத்துக்கு? ஆங்கிலப் பொதுச்சட்ட மரபில் வெறுமனே அத்துமீறி நிற்பது சிவில் தவறு, அதற்கு ஜெயில் கிடையாது. இன்றைய நியூயார்க் சட்டத்தில் சட்டவிரோதமாக நுழைவதைப் போலவே தங்கிவிடுவதும் அத்துமீறல். நம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 441ஆம் பிரிவும் (இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 329) முறையாக உள்ளே வந்துவிட்டுப் பிறகு சட்டவிரோதமாகத் தங்குகிறவனைச் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ, எரிச்சலூட்டவோ அவனுக்கு நோக்கம் இருக்க வேண்டும். பார்ட்டில்பியின் நோக்கம் என்ன? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கதையை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். எரிச்சலூட்டும் நோக்கம் ஒரு பொட்டுகூட அவனிடம் இல்லை, எரிச்சல் முழுக்க எதிராளியிடம்தான். இருக்கிறான், அவ்வளவே. வக்கீலுக்கே இந்தச் சிக்கல் தெரியும். நகர மறுக்கிறவனை நாடோடி என்று எப்படிப் பிடித்துக்கொடுப்பது என்று தனக்குள் வாதாடிப் பார்த்து, முடியாது என்று விட்டுவிடுகிறார்.

ஆகவே அவர் ஒரு காரியம் செய்கிறார். அவனை வெளியேற்ற முடியாததால் அலுவலகத்தையே காலி செய்துகொண்டு தான் வெளியேறுகிறார். சிட்டி ஹால் தூரமாக இருக்கிறது, காற்று சரியில்லை என்று சாக்கு. வண்டியில் எல்லாச் சாமானும் ஏறுகிறது. கடைசியாகப் பச்சைத் திரையையும் மடித்து எடுத்துப்போகிறார்கள். வெற்று அறையில் அவன் நிற்கிறான்.

கதைசொல்லியை நல்ல மனிதர் என்று சொல்லும் விமர்சகர்களோடு எனக்குப் பிணக்கு இங்கேதான். நல்லவர்தான், மறுக்கவில்லை. தன் வீட்டுக்கே வா என்றுகூட அழைக்கிறார். ஆனால் அந்த அழைப்பு எப்போது வருகிறது? புதிய குடித்தனக்காரரும் கட்டட உரிமையாளரும் வந்து கழுத்தைப் பிடித்த பிறகு. அதற்கு முன் புதியவர் விசாரித்தபோது, அவன் எனக்கு யாருமில்லை என்று கைகழுவியவர் இதே மனிதர். அவன் வரமாட்டேன் என்றதும் வண்டியில் ஏறிச் சில நாட்கள் ஊர் சுற்றுகிறார், யார் கண்ணிலும் படாமல். அந்த இடைவெளியில் கட்டட உரிமையாளர் போலீஸுக்குச் சொல்லி, பார்ட்டில்பி 'டூம்ப்ஸ்' சிறைக்குப் போகிறான். குற்றம்: நாடோடி. வக்கீல் மனசாட்சிப்படி கைவிட்ட அதே வார்த்தை, இன்னொருவர் வாயால். அவர் கை சுத்தமாகவே இருக்கிறது. கதை முழுக்க அவருடைய வாக்குமூலம் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு வக்கீல் எழுதிய வாக்குமூலம்.

வால் ஸ்ட்ரீட் போராட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்த சுகோட்டி பூங்காவும் தனியார் சொத்துதான். 2011 நவம்பர் 15 விடிவதற்கு முன் போலீஸ் வந்து காலி செய்தது. மறுத்தவனாக அவர்கள் தூக்கிவைத்துக் கொண்டாடிய பார்ட்டில்பி, தங்கியவனாக அவர்களுக்கு முன்பே அதே வழியில் போயிருந்தான்.

மூன்றாம் முறை நான் ஏன் படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் ஆட்குறைப்பு. ஒரு காலையில் என் டீமில் இருந்த ஒருவருடைய ஐடி கார்டு வேலை செய்யாமல் போயிற்று. வயதில் மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு கோட் ரிவ்யூ சொல்லிக்கொடுத்தவர். மறுநாளும் அவர் வந்தார். அதற்கடுத்த நாளும். கட்டடத்தின் தரைத்தள காபிக்கடை எல்லோருக்கும் பொது, அங்கே உட்கார்வதை யாரும் தடுக்க முடியாது. லேப்டாப் பையோடு ஒன்பதரைக்கு வருவார், ஆறு மணிக்குப் போவார். யாரோடும் சண்டை போடவில்லை. முதல் நாள் என்னிடம், "டெஸ்க்ல ஒரு செடி இருக்குப்பா, தண்ணி ஊத்திடுறியா" என்று மட்டும் கேட்டார்.

நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். நான்காம் நாளிலிருந்து கார் பார்க்கிங் வழியாக இருக்கிற லிஃப்டில் ஏறினேன். என்னிடம் கார் கிடையாது, பைக்கை வெளியேதான் நிறுத்துவேன். பார்க்கிங் சரிவில் நடந்து இறங்கி, அங்கிருந்து ஏழாவது மாடி. யாரும் என்னை அப்படிப் போகச் சொல்லவில்லை. இரண்டாவது வாரம் செக்யூரிட்டியில் இருந்த பையன் அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறான், "சார், இனிமே கேம்பஸ் உள்ள விடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க சார்." அவரும் எழுந்து, குடித்த காபிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். நான் பார்க்கவில்லை. எனக்கு மதியம் சாப்பாட்டு மேசையில்தான் தெரியும்.

சிறையில் வக்கீல் பார்ட்டில்பியைப் பார்க்கப் போகும் காட்சியில், சாப்பாடு விற்கும் ஆளிடம் காசு கொடுத்து இவனுக்கு நல்ல சாப்பாடாகப் போடு என்கிறார். முன்பெல்லாம் அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கும். இப்போது அவர் எவ்வளவு கொடுத்தார் என்று தேடினேன். மெல்வில் தொகை சொல்லவில்லை. வெள்ளிக் காசுகள் என்று மட்டும் எழுதியிருக்கிறார்.