கையறுநிலையும் கல்லில்லாச் சாவும்

புறப்பாடல்களில் கையறுநிலை என்னும் துறையைப் பயிற்றுவிக்கும்பொழுது, நாம் பெரும்பாலும் பாரியை இழந்த கபிலரோடும் அதியமானை இழந்த ஔவையாரோடும் நின்றுவிடுகின்றோம். அப்பாடல்களில் இறந்தவன் இன்னான் என்பது ஐயமின்றித் தெரியும். அரற்றுவதற்கு ஒரு பெயர் உண்டு. நடுகல்லும் அவ்வாறே. கல்லைத் தேர்ந்து காண்பது தொடங்கி வாழ்த்துவது ஈறாகத் தொல்காப்பியம் அதற்கு ஆறு படிகளை வகுத்துள்ளது. நினைவைக் கல்லில் நிறுத்திவிட்டு வாழ்பவர் இல்லம் திரும்புவதற்கான ஒழுங்கு அது. நினைத்தலும் விடைகொடுத்தலும் அங்கு ஒரே சடங்கின் இரு பக்கங்கள்.

பெயரும் உடலும் இறந்த நாளும் அறியப்படாதவிடத்து இவ்வொழுங்கு என்னவாகும்? மலேசியத் தமிழருக்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் இருப்புப்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பெருந்தொகையினராகக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேற்பட்டோர். ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் 90,000 அளவினர் என்பது பொதுவான மதிப்பீடு. காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக உள்ளன. தொழிலாளருக்கு அத்தகைய வரிசை இல்லை. 1957இல் வெளிவந்த புகழ்பெற்ற குவாய் நதிப் பாலத் திரைப்படத்திலும் அவர்களுக்கு இடமில்லை. அப்படம் இலங்கையில் எடுக்கப்பட்டது என்பது ஒரு கசப்பான உபரிச் செய்தி.

தோட்டத்தில் எஞ்சிய மனைவியின் நிலை இங்கு எண்ணத்தக்கது. சாவுச் செய்தி வராதவிடத்துத் தாலியைக் களைவதா, காப்பதா? இறந்த நாள் தெரியாதவிடத்துத் திதி கொடுப்பது எந்நாளில்? இச்சமூகம் சயாமை மறந்துவிட்டது என்று எளிதாகக் கூறுவோர் உளர். நமக்கு அது பொருத்தமாகத் தோன்றவில்லை. விடைகொடுக்க இயலாத துயரம் பேச்சிழந்து கிடந்தது என்பதே சரி. மறப்பதற்கும் முதலில் ஒரு கருமாதி வேண்டும்.

ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993இல்தான் நூலாயிற்று. பாதை முடிந்து ஐம்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ 2005இலும், கோ. புண்ணியவானின் ‘கையறு’ அதன் பின்னரும் வந்தன. தலைப்புகளை வரிசையாக வைத்து நோக்கினால் ஒரு நகர்வு புலப்படுகின்றது. முதலாவது கொன்றதன் பெயரைச் சொல்கின்றது. இரண்டாவது, இல்லாத கல்லைத் தானே நட முற்படுகின்றது. மூன்றாவது எஞ்சியோர் பக்கம் திரும்புகின்றது.

இவ்வகை நாவல்களில் தகவல் மிகுதி, கலை குறைவு என்னும் குறை கூறப்படுவதுண்டு. குறை முற்றிலும் பொய்யன்று; வரலாற்று விளக்கம் கதைமாந்தரின் வாயில் ஏற்றப்படும்பொழுது உரையாடல் கனத்துப்போகும். ஆயினும் முகாம், நோய், உணவு, வேலைமுறை என அடுக்கப்படும் செய்திகளை வெறும் சுமையாகக் கருதுதல் கூடாது. கல்லில் பெயரும் சிறப்பும் பொறிப்பது போன்ற பணி அது. பெயர்ப்பட்டியல் கிடைக்காத நாவலாசிரியன் புனைபெயர்களைக் கொண்டே பொறிக்க வேண்டியவனாகின்றான். அளவுகோலைப் பிற நாவல்களிடமிருந்து மட்டும் எடுக்காமல், நடுகல்லிடமிருந்தும் எடுக்க வேண்டும் என்பது நம் கருத்து.

2023இல் காஞ்சனபுரியில் தமிழருக்கென ஒரு நடுகல் எழுப்பப்பட்டது. சங்கச் சொல்லையே அதற்குத் தேர்ந்தமை தற்செயலன்று. எனினும் நாவல்களின் பணி அதனால் முடிந்துவிட்டதாக நாம் கருதவில்லை. கல் இறந்தோருக்குரியது, காத்திருந்தோரைப் பற்றி அது பேசாது.

இங்கு ‘கையறு’ என்னும் தலைப்பின் இலக்கணம் உதவுகின்றது. கையறுநிலை என்பது வினைத்தொகை, காலம் காட்டாதது. புண்ணியவான் அதிலிருந்து ‘நிலை’யை நீக்கிவிட்டார். பெயர்ச்சொல்லை இழந்த அவ்வினை, எதைத் தழுவுவதெனத் தெரியாமல் மூன்று காலத்துக்கும் பொதுவாய் நிற்கின்றது.