சவுண்ட் கார்டைச் சுண்டிப் பார்த்தேன்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சூளையிலிருந்து இறங்கிய பீங்கானை விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். ணங் என்றால் சரக்கு சுத்தம். டொக் என்றால் கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கோ இருக்கிறது. பொம்மையோ, பியூஸ் கேரியரோ, சோதனை இதுதான். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, ஒரு மாதமாக என் ஹெட்போனில் கரகர, ஊம் என்று கேட்ட டொக்கைச் சும்மா விட மனம் வரவில்லை.

என்னிடம் இருப்பது அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர், மதர்போர்டோடு ஒட்டியே வந்த சவுண்ட் சில்லு, ஒரு 32 ஓம் ஹெட்போன். சோதனைக்கு இளையராஜாவின் 'நத்திங் பட் விண்ட்' (1988). ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல் தனித்து வரும் இடங்களில் கரகரப்பு ஒளிந்துகொள்ள மறைவே கிடையாது. புது கார்டு போட்டால் சரியாகிவிடும் என்றார் கடைக்காரர். போடவில்லை.

முதல் குற்றவாளி நானேதான். வி.எல்.சி. பிளேயரில் சத்தத்தை 125 சதவீதம் வரை ஏற்றலாம். நானும் ஏற்றி வைத்திருந்தேன். மரக்காலில் நெல் அளந்து பார்த்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். விளிம்புக்கு மேல் குவிந்ததைக் கையால் வழித்துத் தலைதட்டிவிடுவார்கள் அல்லவா, டிஜிட்டல் ஒலிக்கும் அப்படியொரு விளிம்பு உண்டு. அலையின் உச்சி அதைத் தாண்டினால் வழித்துத் தள்ளப்படும். வளைந்து இறங்க வேண்டிய அலை மொட்டையாகிறது. அந்த மொட்டைதான் காதில் கரகர என்கிறது. நெல்லாவது கீழே சிந்தியதைக் கூட்டி அள்ளலாம். இது போனால் போனதுதான், பிறகு விண்டோஸில் சத்தத்தை எவ்வளவு குறைத்தாலும் மொட்டை மொட்டையாகவே சின்னதாகும். ஆகவே பிளேயர் 100-ஐத் தாண்டக்கூடாது. பேஸுக்காக ஈக்வலைசரில் 6 டெசிபல் ஏற்றுகிறவர்கள், அதிலேயே உள்ள ப்ரீஆம்ப் இழுவையை 6 டெசிபல் இறக்கிவிட வேண்டும். 6 டெசிபல் என்றால் அலையின் உயரம் இரு மடங்கு. மரக்கால் அதே மரக்கால்தான்.

அடுத்தது விண்டோஸின் சவுண்ட் செட்டிங்ஸ். ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்று ஒன்று இருக்கும், அணைத்துவிடுங்கள். அதற்குள்ளேயே லவுட்னஸ் ஈக்வலைசேஷன் இருந்தால் அது மெல்லிய இடத்தைத் தூக்கி, ஓங்கிய இடத்தை அமுக்கி, பாட்டை இஸ்திரி போட்டுவிடும். ஃபார்மேட்டில் 24 பிட் வையுங்கள். 16 பிட்டில் மொத்த வீச்சு 96 டெசிபல். 24 பிட்டில் அதைவிட நிறைய இடம் இருப்பதால், சத்தத்தைக் கம்ப்யூட்டரிலேயே குறைத்தாலும் நுணுக்கம் கெடாது. சாம்பிள் ரேட்டில் 192 கிலோஹெர்ட்ஸைப் பார்த்ததும் கை பரபரக்கும். வேண்டாம். சி.டி.யில் இருப்பது 44.1, யூடியூபின் ஓபஸ் ஒலியில் இருப்பது 48. எதை அதிகம் கேட்கிறீர்களோ அதை வையுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் ஒரு ரேட்டை இன்னொன்றுக்கு மாற்றித்தான் வெளியே விடும். இந்த மாற்றல் சங்கதி பழைய வம்பு. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-ல் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்து கம்ப்யூட்டருக்கு வாய் கொடுத்தது. ஆனால் 1998-ல் வந்த அவர்களுடைய 'லைவ்' கார்டு, எதைக் கொடுத்தாலும் 48-க்கு மாற்றித்தான் வெளியே விடும். சி.டி. ரசிகர்கள் வெகுகாலம் அதைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவும் செய்த பிறகு கரகர நின்றது. ஊம் என்ற இரைச்சல் நிற்கவில்லை. மவுஸை நகர்த்தினால் கூடவே ஒரு கிர்.

கிர்ருக்குக் காரணம் முன்பக்க ஜாக். கேபினெட்டுக்குள் அதன் வயர் எல்லாவற்றையும் உரசிக்கொண்டு வருகிறது. பின்பக்கத்துப் பச்சை ஜாக்குக்கு மாற்றியதும் கிர் போய்விட்டது. அங்கே பின்னை முழுதாக அழுத்தாமல் விட்டதில் இன்னொரு கூத்து: பாடகர் குரலே காணோம், தூரத்தில் வாத்தியம் மட்டும். பின்னின் எர்த் பகுதி தொடாவிட்டால் இடது வலதின் வித்தியாசம்தான் காதுக்கு வரும். நடுவில் பதிவான குரல் கழிந்துபோகும். ஐந்து நிமிடம் கார்டே போச்சு என்று உட்கார்ந்திருந்தேன். பின்பக்கத்துக்கும் ஒரு குறை உண்டு. பல போர்டுகளில் அந்த ஜாக்குக்கு முன்னால் 75 ஓம் அளவில் தடை இருக்கும். 32 ஓம் ஹெட்போனுக்கு அது அதிகம். பேஸ் கொஞ்சம் தளர்ந்து ஒலிக்கும்.

ஊம் மட்டும் மிச்சம். கேபினெட்டில் டெஸ்டர் வைத்தேன், எரிந்தது. மல்டிமீட்டர் நூற்றுச் சொச்சம் வோல்ட் காட்டியது. பிளக் பாயின்டின் மூன்றாவது ஓட்டைக்குள் எர்த் வயரே இல்லை. பவர் சப்ளையின் வாசலில் லைனுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஆளுக்கொன்றாக இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் 230-இல் பாதி கேபினெட்டில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு, தொட்டால் சுறுசுறு. ஹெட்போன் மட்டும் மாட்டியிருந்தால் இது அவ்வளவாகக் காதுக்கு வராது, ஆனால் என் வீட்டைப் போல எச்.டி.எம்.ஐ. வழியாக டிவியும், டிவி வழியாகக் கேபிள்காரர் வயரும் சேர்ந்தால் அந்தச் சொட்டுக் கரண்ட் சவுண்ட் சில்லின் வழியே ஊர்வலம் போகும். அந்தக் கெபாசிட்டர்கள் நீல வில்லை போன்ற செராமிக். நம்ம ஊர்ச் சரக்கின் ஒன்றுவிட்ட சொந்தம்!

எலக்ட்ரீஷியன் வந்து வயர் இழுத்தார். கரியும் உப்பும் போட்ட பழைய எர்த் குழியைப் பார்த்து, "காஞ்சு கெடக்கு சார், ரெண்டு கொடம் தண்ணி ஊத்துங்க" என்றார். ஊற்றினேன். ஊம் பாதிக்கு மேல் அடங்கியது. டிவி வயரைப் பிடுங்கியதும் மிச்சமும் போனது.

ஒப்பிட்டுப் பார்க்க ஆப்பிளின் டைப்-சி டாங்கிளையும் மாட்டினேன். விரல் நீள வயர். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸோடு நிற்கும். சுமார் 1 வோல்ட் தரும், உள்தடையும் சொற்பம். 32 ஓம் ஹெட்போனுக்குத் தாராளம், 250 ஓம் ஸ்டூடியோ ஹெட்போனுக்கு மூச்சு வாங்கும். குழலில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. மிருதங்கத்தின் இடந்தலை மட்டும் இறுகி ஒலித்தது. எர்த்தும் செட்டிங்கும் சரியாக இருக்கிறவர்கள் இதற்காகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. லேப்டாப்காரர்கள், பின்பக்க ஜாக்குக்கு வழியில்லாதவர்கள் வாங்கலாம்.

கரண்ட் போய் வீட்டின் பழைய இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் இரண்டிலுமே சன்னமாக ஒரு ரீங்காரம் இருக்கிறது. அப்போது ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறேன்.